தம்பி பெயரில் வந்த ஊசி

அம்மாவால் ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. கொடியில் கிடந்த என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆரம்பாக்கம் வீட்டுக்குள் நோய் அப்படித்தான் வந்தது.

முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் மருத்துவர். அப்போது நான் தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். என் தொழிலாளர் காப்பீட்டு அட்டையில் அம்மா பெயரும் இருந்தது. அதில் இலவசமாகவே, மாத்திரையில் ஆரம்பித்து உயிரியல் ஊசி (அந்தத் தாக்குதலை அடக்கும் விலையுயர்ந்த மருந்து) வரை போனோம்.

அந்தச் சமயம் பார்த்து என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லைன் முழுக்க இனிப்பு கொடுத்தேன். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அட்டை செல்லாது என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், இனிப்பு வாங்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். சில மாதங்களில் என் அட்டை போனது, ஊசியும் நின்றது. வெளியே வாங்க என் புதுச் சம்பளம் போதாது.

தம்பி கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை ஒன்றில் ஆபரேட்டராகவே இருந்தான். அம்மா பெயரை அவன் அட்டைக்கு மாற்றினோம். மருந்தகம் அவன் வீட்டுப் பக்கம் என்பதால் அம்மாவும் அங்கே போய்விட்டார்.

காய்ச்சல் மாத்திரையின் பெயர்கூடத் தெரியாதவன் அவன். யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். இப்போது மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

"யாரும்மா உங்களப் பாத்துக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"சின்னவன் சார். அவன் ஊட்லதான் கீறேன்," என்றார் அம்மா, பெருமையாக.

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஊசி வேலை செய்தது. போன மாதம் பார்க்கப் போனபோது அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார். சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. தம்பியின் யூனிஃபார்ம் சட்டை அது.

"இன்னாடா மொறைக்கிற? கை நல்லாயிடுச்சு, பாரு," என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

தம்பி டீ கொண்டுவந்தான். அவனுக்கும் பதவி உயர்வு வந்ததாம்.

"வேணான்னுட்டேண்ணே. கார்டு பூட்டா அம்மா ஊசிக்கு இன்னா பண்றது?"

சொல்லிவிட்டுப் பிஸ்கெட்டை நீட்டினான். அந்த ‘வேண்டாம்’ நான் சொல்லியிருக்க வேண்டியது. அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

அம்மாவுக்கு மாதம் என்பது இப்போது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை. எனக்கு நாள் விடிவது விரல்களில். எழுந்ததும் மடக்கிப் பார்க்கிறேன். ஒருநாள் மடங்காமல் போனால், என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா இங்கே வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு.

பாழாய்ப்போனவை, நன்றாகவே மடங்குகின்றன.