மீடியம் அக்காவின் இடது தோள்

தையல் ஆலையில் அவளுக்கு மீடியம் அக்கா என்று பட்டம். பட்டம் சும்மா வந்துவிடவில்லை. ஊர்ப் பெண்கள் போடுவது இந்த ஆலை மேல்சட்டைதான், அதில் பாதி மீடியம் சைஸ். அந்த மீடியம் என்பது அவளுடைய உடம்பு. கட்டிங் மாஸ்டர் புதிதாக ஒரு மாடல் போட்டால் முதல் சட்டை இவள் மேல்தான் ஏறும். கண்ணாடி முன் நின்று கையைத் தூக்குவாள், குனிவாள், முதுகைத் திருப்புவாள். "அக்குள் பிடிக்குது மாஸ்டர்" என்றால் அக்குள் தளரும். "கழுத்து இறங்குது" என்றால் கழுத்து ஏறும். குண்டூசியைக் குத்திக் குத்தி, அவள் வாயிலிருந்து "உட்கார்ந்துடுச்சு" என்ற சொல் வந்த பிறகுதான் மாஸ்டர் அந்தச் சட்டையை அட்டையில் வரைந்து வெட்டுவார். அப்புறம் அந்த அட்டைதான் வேதம்; மற்ற சைஸ்களும் அதைக் கூட்டிக் குறைத்துத்தான். அதை வைத்துத் துணி மலைமலையாக வெட்டுப்படும்.

ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூட்டை கட்டியவள் அவள். ஆலையில் முதலில் கிடைத்தது சுமக்கும் வேலை. லாரியில் வந்து இறங்கும் துணி உருளைகளை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்பளைகளே பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார்கள். இவள் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உருளையை இடது தோளில் போட்டுக்கொண்டு, நிற்காமல் ஏறுவாள். சில வருஷம் கழித்து நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். தைத்து வந்த சட்டையில் தொங்கும் பிசிறை நறுக்கும் வேலை. அங்கேயே தலை நரைத்தவர்கள் உண்டு. இவள் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. அளவுக்கு நிற்கும் பெண் வேலையை விட்டுப் போன அன்றைக்கே, யாரும் கூப்பிடாமல், தானாகப் போய்க் கண்ணாடி முன் நின்றாள்.

"நானே நிக்கிறேன் மாஸ்டர். டேப்பைப் போட்டுப் பாருங்க. குறை ஏதாவது சொல்லுங்க, பார்ப்போம்."

மாஸ்டர் டேப்பைப் போட்டார். மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு எல்லாம் மீடியத்துக்கு வைத்த மாதிரி இருந்தன. தோள் எவ்வளவு சரிகிறது என்று அளக்கும் வழக்கம் அந்த ஆலையில் இல்லை.

உழைத்து மேலே வந்தவர்களின் நடையே தனி. ஓரமாக ஒதுங்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் அங்கே நிற்கும் பெண்களை ஒரு பார்வை பார்ப்பாள். தன் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர் மாதிரி இருக்கும். சாப்பாட்டிலும் கறார். ஒரு கவளம் கூட வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள்.

"இது என் வயிறு இல்ல, ஊர் வயிறு" என்பாள்.

பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் விடமாட்டார். "அப்ப ஊரே பசியோட கிடக்கட்டும்னு சொல்றியா?"

அந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேசும்போது கை தன்னால் கழுத்தின் இடது பக்கத்துக்குப் போய் ஒரு தடவு தடவிவிட்டு இறங்கும். அம்மாக்களைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த தலைமை ஆசிரியர், "இந்த ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு அடக்கம்!" என்று மேடையிலேயே சொல்லிப் பாராட்டினார். அடக்கமாவது ஒன்றாவது! சட்டையின் இடது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும், கழுத்தோரம் ஒரு மடிப்பு விழும், அதை அமுக்கிவிடும் கை அது. ஒவ்வொருத்தியும் தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வாயை மூடாதவள் ஒருத்தி உண்டு, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார்.

"அண்ணி, உங்க ஆலைச் சட்டை எனக்கு இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"சட்டைக்கு என்ன? உன் தோள் கோணல். அது என் மேல உட்கார்ந்த சட்டையாக்கும்."

"எதிர்வீட்டு அக்காவுக்கும் அப்படித்தானாம்."

"அவளும் கோணல்."

"கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் அமுக்கி விட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாங்க."

"அவங்களும்தான்."

"அப்ப ஊர்ல நேரா இருக்கிறது நீங்க ஒருத்திதானா?"

"ஒருத்தியாவது இருக்கணும் இல்ல?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் முதலாளி படுத்துவிட்டார். அவருடைய மருமகன் பொறுப்புக்கு வந்தார். வந்த சூட்டோடு சூடாக, அளவு பார்க்க ஆளுயரப் பொம்மை ஒன்றுக்குச் சொல்லிவிட்டார்.

"பொம்மைக்குக் காய்ச்சல் வராது அக்கா, லீவு கேக்காது, எடை ஏறாது. வந்ததும் நீங்க பழையபடி நூல் வெட்டுற மேஜைக்குப் போயிடலாம். உட்கார்ந்த வேலை."

"பொம்மைக்கு அக்குள் பிடிச்சா வாயைத் திறந்து சொல்லுமா தம்பி?"

அவர் சிரித்தார். பொம்மை வருவது வருவதுதான். அன்று வீட்டில் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "என் இடத்துக்கு ஒரு கட்டை வருது."

பொம்மை வந்தது. பெட்டியைப் பிரித்து நிறுத்தி, அதிகம் விற்கும் சட்டையை மாட்டினார்கள். இடது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. கழுத்தோரம் மடிப்பு. மாஸ்டர் தடவிவிட்டார், மறுபடி எழும்பியது. கழற்றி வேறொரு சட்டையைப் போட்டார். அதிலும் அதே மடிப்பு.

மாஸ்டர் இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினார். "பொம்மை கோணல்."

சூப்பர்வைசரும் பார்த்தார். "ஆமா, கோணல்தான்."

மருமகன் போனை எடுத்து விற்றவனைப் பிடிபிடியென்று பிடித்தார். "கோணலா ஒண்ணை எங்க தலையில கட்டிட்டீங்களே! இன்னிக்கே வண்டி அனுப்புங்க, எடுத்துட்டுப் போங்க."

தையல்காரப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, பொம்மையையே மண்ணைக் கவ்வ வெச்சுட்டீங்க!" என்று ஒருத்தி கத்தினாள். மீடியம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கெத்தாகப் போய்க் கண்ணாடி முன்னால், தன் இடத்தில் நின்றாள். பக்கத்தில் பொம்மை. கண்ணாடியில் இரண்டும் தெரிந்தன. பொம்மையின் தோள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விட்டம் போட்ட மாதிரி மட்டமாக இருந்தது. மேஜைமேல் கிடந்த நீள ஸ்கேலை எடுத்துத் தன் பிடரிக்குப் பின்னால் இரண்டு தோளிலும் படும்படி வைத்தாள். ஸ்கேல் இடது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி வரும், பொம்மை போகும், இவள் இடம் இவளுக்கு. அவளும் அப்படித்தான் நின்றாள், மருமகன் போனை வைத்துவிட்டு வரும்வரைக்கும்.

"வேற பொம்மை வர்ற வரைக்கும் இவங்களே நிக்கட்டும் மாஸ்டர். மீடியம்னா மீடியம்தானே, யாரா இருந்தா என்ன?"

"யாரா இருந்தா என்னவா?"

மீடியம் அக்காவின் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. பொம்மையின் சட்டையைக் கழற்றினாள். போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு பொத்தானைப் போட்டாள். மடிப்பு இல்லை. தோளில் தேனாக வழிந்து உட்கார்ந்தது.

"நல்லாப் பாருங்க தம்பி. பொம்மை நேராத்தான் இருக்கு. கோணல் நான், இடது தோள் இறங்கிக் கிடக்கு. உங்க மாமனாருக்கு உருளை உருளையாத் தூக்கிப் போட்ட தோள் இது. ஊர்ல அத்தனை பொண்ணுங்களும் இந்தத் தோளைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. யாரா இருந்தா என்னன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அலமாரி நிறைய அட்டைகள். அத்தனையும் அந்தத் தோள். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும். டேப் யார் கையில இருந்தது?"

மருமகன் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அவள் தோளையும் பொம்மையின் தோளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மறுபடி போன் போட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் நூல் வெட்டும் மேஜையில் இருந்தாள்.

நாத்தனாரிடம் அவளே போய்ச் சொன்னாள். நாத்தனார் சிரித்த சிரிப்பில் மருந்துக் கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் கோணல் இல்லையே அண்ணி?"

"இல்ல."

"ஒரு மன்னிப்பாவது கேளுங்க."

"போடி! என் தோளை இத்தனை காலம் ஓசியில போட்டுக்கிட்டுத் திரிஞ்சே. நீதான் எனக்கு வாடகை தரணும்."

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே பொம்மையை வைத்து எல்லா அட்டைகளையும் புதிதாக வெட்டினார். புதுச் சட்டைகள் மேஜைக்கு வந்த அன்று அவள் ஒரு மீடியத்தை எடுத்து மாட்டிப் பார்த்தாள். இடது பக்கம் தொளதொளவென்று சரிந்து கைமேல் விழுந்தது. இழுத்துவிட்டாள், மறுபடி விழுந்தது. பக்கத்தில் இருந்தவள், "ஒரு ஊக்கு குத்திக்கங்க அக்கா" என்றாள்.

"நான் எதுக்குடி ஊக்கு குத்தணும்?"

சாப்பாட்டு வேளையில் நேராக மாஸ்டரிடம் போனாள்.

"இனிமே ஆலைச் சட்டை எனக்கு ஒத்துவராது. எனக்குன்னு ஒண்ணு வெட்டுங்க."

மாஸ்டர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு டேப்பை எடுத்தார். மார்பு, இடுப்பு எல்லாம் மனப்பாடம். அதற்கு டேப் வேண்டியிருக்கவில்லை. வலது தோளுக்கு ஒரு தடவை வைத்தார், இடது தோளுக்குத் தனியாக ஒரு தடவை வைத்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "இடது பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துக்கங்க மாஸ்டர். சரிவைக் குறைச்சுப் போட்டுடப் போறீங்க."