எபிக்குக் கிடைத்த ஆனையூர்

அன்பான சபையாரே, எனக்கு வந்தது வியாதி இல்லை, விபத்தும் இல்லை. பொறாமை. அதில் கிடந்து நான் வெந்ததையும், கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விளாங்குடியில் நம் மிஷன் பள்ளியில் ஐந்து வருடம் கணக்கு நடத்தினேன். எபியும் அங்கே கணக்கு வாத்தியார்தான். ஒரே சபை, ஒரே பைக்கில் போய்வருவோம். அவன் அப்பா வாத்தியார், தாத்தா தலைமையாசிரியர். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

இந்த மே மாதம் நம் மிஷன் பள்ளிகளின் மாறுதல் பட்டியல் வந்தது. ஆனையூர் உயர்நிலைப்பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார். பட்டியலில் ஆனையூருக்கு நேரே எபியின் பெயர். எனக்குத் திருவாதவூர், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன நடுநிலைப்பள்ளி.

சோறு இறங்கவில்லை. அவன் சிரித்தால் எரிந்தது. அவன் புதுச் சட்டை போட்டால்கூட எரிந்தது. வேலையே வேண்டாம் என்று ராஜினாமா எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

நம் சபையில் ஜெபப் பெட்டியில் போடுகிற சீட்டுகளை ஆயர் ஐயா சத்தமாக வாசிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம் அல்லவா? அந்த ஞாயிறு நானும் ஒரு சீட்டு போட்டேன். பெயர் எழுதவில்லை. ‘எனக்குரிய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவரே, அவரை எழுப்பிவிட்டு என் இடத்தை எனக்குத் தாரும்.’ சபையே ஆமென் சொன்னால் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு கணக்கு.

ஐயா வாசித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது எபி.

வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டான். “பாவம் மாப்ள, எம்புட்டு நொந்து எழுதியிருக்காக. அவுகளுக்காக நான் மூணு நாள் உபவாசம் இருக்கப்போறேன்.”

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மூன்றாம் நாள் உதடு காய்ந்துபோய் என் வீட்டுக்கு வந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்தச் சீட்டை எழுதியது நான்தான், எழுப்பச் சொன்னது உன்னைத்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, “அடப்பாவி, எனக்கு எதிரா ஜெபிக்க என்னையவே பட்டினி போட்டியா?” என்றான். சிரிக்கப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் மனமொத்த மாறுதல் விண்ணப்பத்தோடு வந்தான். இருவரும் சம்மதித்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அவன் கையெழுத்தைப் போட்டே கொண்டுவந்திருந்தான்.

மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. எரிச்சல்தான் இன்னும் கூடியது. இடத்தையே விட்டுக்கொடுக்கிற மனசும் அவனுக்குத்தானா? அதுகூட எனக்கு இல்லையா?

விடிந்ததும் முழங்காலில் நின்றேன். எபியின் பெயரைச் சொல்லி முதல்முறையாக ஜெபித்தேன். “ஆண்டவரே, எபியோட இடம் வேண்டாம். அவனுக்குக் குடுத்த மனசுல கொஞ்சம் எனக்கும் தாரும்.” ஏங்கி ஏங்கி அழுதேன். எழுந்தபோது பாரம் இல்லை.

நேரே போய் விண்ணப்பத்தை அவன் கையில் கொடுத்தேன். நல்லா யோசிச்சியா என்று கேட்டான்.

“யோசிச்சா குடுக்க மாட்டேன், வாங்கிக்க” என்றேன்.

அன்றைக்கே பொறாமை முழுசாகச் செத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனையூர் வகுப்பறையை அவன் போட்டோ எடுத்து அனுப்பினபோது சுருக்கென்றது. நின்ற இடத்திலேயே அவனுக்காக ஜெபித்தேன். போய்விட்டது.

போன வாரம் திருவாதவூரில் பிள்ளைகள் சேர்க்க வீடு வீடாகப் போனேன். ஒரு அம்மா களத்தில் நெல் தள்ளிக்கொண்டே கேட்டார்: “போன வருசம் வந்த கணக்கு சார் பாதியிலேயே டவுனுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாக. நீங்களாச்சும் இருப்பீகளா?”

“இருப்பேம்மா.”

தயங்காமல் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்புக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

சபையாரே, யாருடைய பெயராவது உங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தால், அந்தப் பெயரைச் சொல்லியே முழங்காலில் நில்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. என்னைப்போல ஒருவனுக்கே செவிகொடுத்த ஆண்டவர், உங்களுக்கா செவிகொடுக்கமாட்டார்?