மைல்கல்லின் கால்

ஊசி போட்டுக்கொண்டு வந்த மனிதனைப் பார்த்தால் எல்லோருக்கும் படுக்கவைக்கத்தான் தோன்றும். சலூன்காரர் வாசற்படி ஏறுவதற்குள் மனைவி கட்டிலில் தலையணைகளை அடுக்கி முடித்திருந்தாள்.

"காலைத் தூக்கி வெச்சுப் படுங்க."

"டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காங்க."

"ஊசி குத்தின காலோடயா? உங்க இஷ்டத்தை அவங்க தலையில கட்டாதீங்க."

"நடக்கணும்னு எனக்கென்ன ஆசையா? வெரிகோஸ் நரம்புக்கு ஊசி போட்டா நடக்கணும். ஒரே இடத்துல நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "ஒரு மாசம் காலைத் தரையில வைக்காதீங்க" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட காலுறை தொடைவரை இறுக்கிப் பிடித்திருந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஊசி போட்டீங்களாமே, நடக்கிறீங்க?"

"ஓடலாம்னுதான் பார்த்தேன். வீட்டுல விடல" என்றார் கடைசியில்.

வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் மைல்கல். கடையில் ஒரே நாற்காலி, அது சுழலும். அதன் வலப்பக்கம் வந்து நின்றாரென்றால் கூட்டம் கலையும்வரை நகரமாட்டார். இடது கையால் நாற்காலியைத் தட்டுவார், பிடரி வரும். இன்னொரு தட்டு, காது வரும். ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து முடிவெட்டுகிற மற்ற சலூன்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "வேலை தெரியாதவன்தான் அலைவான்" என்பார்.

ஆனால் கால் வேறு கணக்குப் போட்டிருந்தது. கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, கயிற்று முடிச்சுபோலச் சுருண்டுகொண்டது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அங்கே ஒரு புண் ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. அது ஆறாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அதனால்தான் ஊசிக்குச் சம்மதித்தார்.

மறுபடி காட்டப் போனபோது, டாக்டரம்மா ஸ்கேன் கருவியைக் காலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஊசி போட்டு அடைச்சுவிட்ட நரம்பு ஒண்ணு திரும்பத் திறந்திருக்கு. புண்ணும் அப்படியே இருக்கு. நடந்தீங்களா, இல்லையா?"

"காலையிலயும் சாயங்காலமும் தெரு தேய நடந்தேன்."

"நடுவுல?"

"நடுவுல கடை."

"கடையில நின்னீங்க."

"நிக்கல மேடம். வேலை பார்த்தேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் போட்டார். "எப்படி வேலை பார்க்கிறீங்க? செஞ்சு காட்டுங்க, பார்க்கலாம்."

தொழில் விஷயத்தில் சலூன்காரருக்குக் கூச்சம் கிடையாது. டாக்டரம்மா உட்கார்ந்திருந்ததும் சுழல் நாற்காலிதான். பக்கத்தில் போய் நின்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். இன்னொரு தட்டு. கதவைப் பார்த்தார். கதவருகே நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பார்த்தீங்களா? கால் இம்மி அசையல" என்றார் சலூன்காரர், பெருமை தாங்காமல்.

"அதாங்க வியாதியே!" டாக்டரம்மா கதவைப் பார்த்தபடியே கத்தினார். "கெண்டைச்சதை அசைஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும். சுத்த வேண்டியது நானில்ல, நீங்க. இன்னொரு ஊசி போடறேன். அதையும் நின்னே கெடுத்துட்டு வந்தீங்கன்னா அந்தப் புண்ணு மூடும்னு என்னால சொல்ல முடியாது."

மறுநாள் கடை திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, நாற்காலிக்கு அடியில் மரத்துண்டைச் செருகிச் சுத்தியலால் அடித்து இறுக்கியது. நாற்காலி நின்றுவிட்டது. கைதான் நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது. இடப்பக்கமாகப் போய் நின்றால் கத்தரிக்கோலே யாரோ இரவல் கொடுத்ததுபோல இருந்தது. ஒரு பக்கக் கிருதா மேலே, மறுபக்கக் கிருதா கீழே. இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

போகாமல் இருந்த வாத்தியாரோ வாயை மூடவில்லை. "அண்ணே, கண்ணாடியை மறைக்கிறீங்க. மைல்கல்லு நடந்தா வண்டிக்காரன் என்னண்ணே செய்வான்?"

"குனிங்க சார். கத்தி கையில இருக்கு."

வீட்டில் தினமும் காலையில் அந்தக் காலுறையோடு ஒரு மல்யுத்தம். அவர் கட்டிலில் காலை நீட்டுவார். மனைவி இரண்டு கையாலும் பிடித்து இழுத்து ஏற்றுவாள். ஒருநாள் அவள் இழுப்பதை நிறுத்திவிட்டுக் கணுக்காலருகே குனிந்தாள்.

"இங்க பாருங்க, ஓரமெல்லாம் காஞ்சு வந்திருக்கு."

அவரும் குனிந்து பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? "அதுக்கு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? நாள் பூராவும் செக்குமாடாட்டம் சுத்துறேன்."

"செக்குமாட்டுக்கு வெரிகோஸ் வந்து பார்த்திருக்கீங்களா?"

அவர் புண்ணிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மாட்டைப் பார்த்து யாரும் கண்ணாடியை மறைக்காதேன்னு சொல்றதில்லையே."

"பேசாம காலை நீட்டுங்க" என்றாள் அவள். காலுறை இன்னும் முழங்காலைக்கூடத் தாண்டவில்லை.