புதினாத் துவையல்

சென்னையில் அப்போது பேர்போன ஜப்பான் ஓட்டல் ஒன்றுக்கு, 2005 வாக்கில், என் நாத்தனார் எங்களைச் சாப்பிடக் கூட்டிப் போனார். அரியலூரிலிருந்து போயிருந்த எனக்கு, சோற்று உருண்டை மேல் சமைக்காத மீன் இருந்ததே விநோதம். தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு விழுது.

"புதினாத் துவையல்தான், நல்லா அள்ளித் தொட்டுக்க" என்றார் நாத்தனார்.

அள்ளி வாயில் வைத்தேன். காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணும் மூக்கும் ஒழுகத் தண்ணீருக்குத் தவித்தேன். அது வசாபி என்கிற ஜப்பான் கார விழுது என்று பிறகுதான் தெரிந்தது.

"நெசமாவே நம்பிட்டாடா தம்பி!" என்று நாத்தனார் சிரித்தார். என் கணவரும் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

மறுவருஷம் கல்லங்குறிச்சியில் என் மகனுக்குக் காதுகுத்து. விருந்தில் நானே பரிமாறினேன். வரிசையில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியிலிருந்து ஒருவரும் எழக்கூடாது என்பது எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம். அதை நம்பித்தான் வெறும் பச்சை மிளகாயை அரைத்து வைத்திருந்தேன்.

"புதினாத் துவையல்தான் அண்ணி, நல்லா அள்ளித் தொட்டுக்குங்க."

நாத்தனார் முகம் சிவந்தது. "தண்ணி... தண்ணி கொண்டாடி!"

நான் செம்பை எடுத்துக்கொண்டு பந்தியின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வந்தேன். அந்தச் சுகம் இன்னும் மறக்கவில்லை.

பாதி வரிசைகூட வந்திருக்க மாட்டேன். பெரியவர்கள் முறைக்க முறைக்க, என் கணவர் எச்சில் கையோடு எழுந்து ஓடி, அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். சென்னையில் எனக்காக நாற்காலியை விட்டு அசையாத மனிதர்!

நாத்தனார் மேல் இருந்த ஆத்திரம் அத்தோடு தீர்ந்தது. கணவருக்கு இன்றும் நான்தான் பரிமாறுகிறேன். சாப்பிடும்போது விக்கல் எடுத்து அவர் தண்ணீர் கேட்டால், மெதுவாகத்தான் எழுந்து போகிறேன்.