பே ஜன்னல்

லூனாஸ் ஊரில் பேச்சு என்றால் சிவநேசன்தான். இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஏறுகிற பிள்ளையை ஒரு கிண்டலாவது பண்ணாமல் கதவைச் சாத்தமாட்டார். அந்த மனுசனைப் பக்கவாதம் ஒரே அடியில் கட்டிலில் தள்ளி, வாயையும் கட்டிப்போட்டது. "ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா பேச்சு திரும்பலாம், சொல்ல முடியாது" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண். 'சொல்ல முடியாது' என்றதை அவர் மனைவி தேவகி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 'திரும்பலாம்' என்றதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கட்டினவள் வேறு எதைப் பிடிப்பாள்?

முன்கூடத்து ஜன்னலோ சின்னது. படுத்திருப்பவர் கண்ணுக்கு ஆகாயம்தான் தெரியும். தேவகி வேனை விற்றாள். வாசலில் வேன் நின்ற இடத்துக்குள் சுவரை ரெண்டு அடி நீட்டி, மூணு பக்கமும் கண்ணாடி வைக்க, ரெனோவேஷன் வேலை செய்யும் மணியத்தைப் பிடித்தாள். கட்டிலின் தலைமாடு அதற்குள் நுழையவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"இதுக்குப் பேரு பே ஜன்னல்க்கா. பங்களா வீட்டு டிசைன் லா" என்றான் மணியம்.

எதிர்வீட்டுப் பிரேமாவதி கேட்டருகே நின்றிருந்தாள். "என்னது, பேய் ஜன்னலா? நல்லா வச்சான் போ பேரு!" என்று சிரித்தாள். தேவகியும் கூடச் சேர்ந்து சிரித்தாள், பாவி. அப்போதே வெடுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. ரொட்டி விற்பவனின் மோட்டார் சைக்கிள், பக்கத்துவீட்டுப் பூனை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் அவர் கண் தொடர்ந்தது. ஒருநாள் உதடுகூட அசைந்தது. தேவகி மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.

ஆனால் வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டதே! கோணின வாயோடு ஒரு முகம் கண்ணாடிக்குள் தெரிய, பிள்ளைகள் "பேய் ஜன்னல் லா, ஓடு ஓடு!" என்று கத்திக்கொண்டு சைக்கிளை மிதித்தன. எல்லாம் அவர் வேனில் ஏறி இறங்கின பிள்ளைகள். உள்ளே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த தேவகி துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வீடு வீடாய்ப் போய்ச் சண்டை போட்டாள். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுதான்க்கா, இதப் போயி பெருசு பண்றீங்க" என்றாள் பிரேமாவதி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிவநேசனின் வாய் போயிருந்தது, காது போகவில்லை. அதை யாருமே நினைக்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை தேவகி வழக்கம்போலத் திரையைத் திறக்கக் கை வைத்தாள். நல்லாயிருந்த இடது கையால் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தொண்டையில் ஏதோ உருண்டது.

"தெ..."

தன் பேரைத்தான் கூப்பிடுகிறார் என்று தேவகிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "சொல்லுங்க, என்னங்க, சொல்லுங்க" என்று குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"தெற... தெறக்காத."

எட்டு மாசமாய் அவள் காத்திருந்த பேச்சு. தேவகி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். திரையை அவள் திறக்கவில்லை.