கண்டெடுக்கப்படுகிறவர்கள்

தொடர் கொலைகாரர்களைப் பற்றிய நாவல்கள் என்றால் எனக்கும் அண்ணாவுக்கும் உயிர். துரத்தலும் திருப்பமுமாக ஓடுகிறவை அல்ல. அடைமழை மாதிரி மெதுவாகப் பெய்து, முடித்தபின் இரண்டு நாள் சோறு இறங்கவிடாதவை. மாட்டுங்கா நடைபாதையில் பழசாக வாங்குவோம். வாங்கிய தேதியையும் படித்து முடித்த தேதியையும் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எழுதியாச்சாடா?" என்பார் அண்ணா.

கணபதி கரைத்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை, அண்ணா மாட்டுங்கா வீட்டிலிருந்து பால் வாங்க இறங்கினார். திரும்பவில்லை. சில காலமாகவே அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆனபிறகும், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று வாட்ச்மேனிடம் கோபித்துக்கொள்வார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டு, பெரியவர் தானே வந்துவிடுவார், வீட்டுக்குப் போங்கள் அங்கிள் என்று இந்தியில் சொல்லி அனுப்பினார்கள். மறுமுறை போனபோது அண்ணாவின் போட்டோமேல் டீ கிளாஸ் இருந்தது.

செம்பூரில் என் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து தேடினேன். தாராவியில் இட்லி விற்கிற அம்மா ஒருவர் போட்டோவை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். "கண்ணுல பட்டா விடமாட்டேன் அண்ணாச்சி. நாலு இட்லியக் குடுத்து உக்கார வச்சிருதேன்" என்றார். அந்த மாதத்தில் யாரும் அவ்வளவு சொல்லவில்லை.

பஸ்ஸில் நாவல் படித்தேன். என் பையில் அதன் அட்டையைப் பார்த்துவிட்டார் அண்ணாவின் மனைவி, மன்னி.

"அவரைக் காணோம். உங்களால எப்படிப் பொணத்தைப் பத்திப் படிக்க முடியறது?"

நாவலைப் பையின் அடியில் தள்ளினேன். கொலைகாரனுக்காக நான் படிக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு பெண் சாக்கடையோரம் கிடப்பாள். அவள் யாரென்று தெரியும்வரை ஓர் அதிகாரி தூங்கமாட்டான், குடும்பத்தை இழப்பான், அவள் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கமாட்டான். அந்தக் கதைகளில் யாரும் சும்மா காணாமல் போவதில்லை. எவ்வளவு கோரமாக இருந்தாலும், கண்டெடுக்கப்படுகிறார்கள். அண்ணாவைத் தேட அப்படி ஒருவனும் இல்லை.

நவராத்திரி முடிந்த வியாழக்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தண்டவாளத்தோரம் ஒரு முதியவரின் உடல், ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் பாருங்கள் என்றார்கள். மன்னியும் கூட வந்தார். டாக்சியில் அவர் வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் வேண்டிக்கொண்டுதான் போனேன். அது அண்ணாவாக இருக்கவேண்டும் என்று.

மன்னியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். ஊழியர் துணியை விலக்கினார். தடித்த மீசை, காதோரம் ஒரு மரு. வேறு யாருடைய அண்ணாவோ. உங்கள் ஆளா என்று கேட்டார். இல்லையென்றேன். துணியை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

என் முகத்தைப் பார்த்ததும் மன்னி எழுந்தார். இல்லையென்று தலையசைத்தேன்.

"அவர் இல்லையே? அப்போ இருக்கார். எங்கேயோ இருக்கார்."

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணா போனதிலிருந்து அப்படி அழுததில்லை. மன்னி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றே நினைத்தார். நான் திருத்தவில்லை.