பொட்டு வைத்த ரிவால்வர்

காலை ஒன்பது ஐம்பது. ஜொகூர் பாருவில் நகைக்கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கால்குலேட்டரின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜை. தராசுக்கும் பொட்டு, கல்லாவுக்கும் பொட்டு. வாசலில் நின்ற காவலரின் பம்ப் துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக்கு வருமுன் நானும் இதே ஊரில் ஆயுதக் காவலனாக இருந்தேன். ஆக முயன்றேன் என்பதே சரி. சுடும் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் மாமாவின் செம்பனைக் குலை ஏற்றும் லோரி. எங்கள் சொந்த ஊரான லாயாங் லாயாங்கில் பாதிப் பேரிடம் என் துப்பாக்கியைப் பற்றி அம்மா அதற்குள் சொல்லி முடித்திருந்தார்.

எனக்குக் கொடுத்த ரிவால்வர் என்னைவிட மூத்தது. விசையை இழுத்தாலே உருளை சுழன்று சுடும் பழைய வகை. உறை உரசிய இடங்களில் நீல மெருகு போயிருந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை. துணியால் துடைத்து, துளி எண்ணெய் விட்டால் போதும். அந்த எண்ணெய் வாசம் அம்மாவின் தையல் மெஷினை நினைவுபடுத்தும். அதையும் நான்தான் ஒருமுறை பழுதாக்கினேன்; அது வேறு கதை.

தேர்வுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. நிஜ ஆயுதத்துக்கே பூஜை செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்? குண்டுகளைக் கழற்றிவிட்டுச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அப்பினேன். உடன் வேலை பார்த்த சவரியார் அண்ணன், ஞாயிறு பூசை தவறாதவர், தன்னுடையதையும் நீட்டினார்.

“நமக்கும் ஒரு பொட்டு வை தம்பி, மாதா கோச்சுக்க மாட்டாங்க.”

மாலையில் அவர் துடைத்து எண்ணெய் போட்டார். துடைத்தால் சாமி குற்றம் என்று நான் அப்படியே தோலுறையில் செருகி ஒப்படைத்தேன்.

மறுநாள் திடலில் விசையை இழுத்தேன். நகரவில்லை. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மலாய்க்காரப் பயிற்றுநர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“அலமாக்! செண்டானா?” அட, சந்தனமா என்கிறார்.

மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்து எண்ணெய் விட்டதும் உருளை ஒன்றும் நடக்காததுபோல் சுழன்றது. ஆறு குண்டும் தடங்கலின்றி வெடித்தன.

சவரியார் அண்ணன் என் குறி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒரு ஓட்டகூட இல்ல தம்பி. திருப்பிக் குடுத்துடலாம், புதுசு லா.”

துப்பாக்கி தேறியது, நான் தேறவில்லை. சில மாதம் லோரியில் குலை ஏற்றினேன். பிறகுதான் பத்திரிகை. அங்கே குறி தவறினால் மறுநாள் திருத்தம் போடலாம்.

வெளியே வரும்போது காவலரிடம் ரிவால்வர் பற்றிக் கேட்டேன். “நான் தொட்டதே இல்லண்ணே. வந்ததுலேருந்து பம்ப் கன்தான்.”

எங்கள் கம்பெனியின் பழைய ரிவால்வர்களைப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று, ஓய்வு பெற்றபோது சவரியார் அண்ணன் சொன்னார். எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்களாம்.